ஐஃபல் மலைப்பக்கத்துச் சிவப்பு ஊற்றுத் தண்ணீர்: குடிக்கலாமா, கூடாதா?

பான்வாசி எழுதியது:

வணக்கம். எனக்கு ஜெர்மனியில் பான் நகரத்தில் வேலை. விடுமுறை நாளில் ஐஃபல் மலைப்பக்கம் நடக்கப் போவது வழக்கம். இந்த முறை டௌன் ஊருக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கில், ஓடையை ஒட்டிய பாதையில் போனோம். ஓடைத் தண்ணீரில் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிறது. அங்கிருந்து நாலு எட்டு தள்ளிக் கல்லால் கட்டிய சின்னத் தொட்டி ஒன்று. அதில் ஊறுகிற தண்ணீர் மட்டும் குமிழி குமிழியாகப் பொங்குகிறது, தொட்டால் சில்லென்று இருக்கிறது. தொட்டியின் விளிம்பு, வழிந்தோடும் வாய்க்கால், அதில் விழுந்து கிடக்கும் இலைகள் எல்லாமே செங்காவி நிறம்.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் காரை நிறுத்தி, கண்ணாடிப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போனார். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "சோடாதான், ஆனா இரும்பு வாடை அடிக்குது" என்றார். மற்ற யாரும் வாய் வைக்கவில்லை.

ஏன் சிவப்பு? ஏன் குமிழி? குடித்தால் ஏதாவது ஆகுமா? பக்கத்தில் ஓடுகிற தெளிந்த ஓடை இதைவிட நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லுளி எழுதியது:

நீங்கள் பார்த்த மாதிரி ஊற்றுக்கு அந்தப் பக்கத்து மக்கள் 'ட்ரேஸ்' என்று சொல்வார்கள். ஐஃபலில் இப்படி நிறைய இருக்கின்றன. சிலவற்றுக்குக் கூரையும் பெஞ்சும் போட்டு ஊர்க்காரர்கள் அழகாக வைத்திருப்பார்கள். சில புல்வெளி நடுவே வெறும் சேற்றுக் குழியாகவே கிடக்கும்.

குமிழிக்குக் காரணம் எரிமலை. ஜெர்மனியின் கடைசி எரிமலை வெடிப்பு அங்கேதான் நடந்தது. உல்மன் ஊரில் இருக்கும் வட்டமான ஏரி சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்புப் பள்ளம். வெடிப்பு ஓய்ந்துவிட்டாலும் பூமிக்கு அடியிலிருந்து கரியமில வாயு இன்னும் பாறைப் பிளவுகள் வழியாக மேலே வந்துகொண்டுதான் இருக்கிறது. வழியில் நிலத்தடி நீரில் கலக்கிறது. வாயு கலந்த தண்ணீர் லேசான அமிலம். அது பாறையிலிருக்கும் சுண்ணாம்பு, மக்னீசியம், இரும்பு எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது.

உள்ளே இருக்கும்வரை பிராணவாயு கிடையாது. அதனால் இரும்பு கரைந்தபடியே இருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகப் பிரிந்து படியும். உங்கள் தொட்டியின் காவி அதுதான், குழாய்த் துரு இல்லை. அடுத்த முறை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அப்படியே வைத்துப் பாருங்கள். முதலில் பளிங்கு மாதிரி, அதன் ஓரமெல்லாம் குமிழி ஒட்டியிருக்கும். நேரம் ஆக ஆக மஞ்சளித்து, கடைசியில் அடியில் செம்பழுப்பு வண்டல் தங்கும்.

சில்லென்று இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஆழத்திலிருந்து வருவது வாயு மட்டும்தான், தண்ணீர் பெரும்பாலும் மேல்மட்டத்து நிலத்தடி நீர். தண்ணீரே ஆழத்துக்கு இறங்கித் திரும்பும் இடங்களில்தான் வெந்நீர் வரும். ஐஃபலின் தெற்கு ஓரத்தில் பாட் பெர்ட்ரிஹ் ஊரில் 32 டிகிரி. லான் ஆற்றங்கரையில் பாட் எம்ஸில் 50 டிகிரிக்கும் மேல்.

ஹாம் அண்ணை எழுதியது:

தம்பி பான்வாசி, பயப்படாமல் குடியுங்கோ. நான் கனகாலமாக இந்த நாட்டில் இருக்கிறன். வந்த புதிதில் கடையில் தண்ணி கேட்டால் வாயு அடைச்ச தண்ணிதான் தருவினம், வாயைத் திறந்தால் மூக்கு எரியும். பிறகு அதுவே பழகிப்போச்சு. இப்ப வாயு இல்லாத தண்ணி குடித்தால் குடித்த மாதிரி இல்லை.

கெரோல்ஸ்டைன் பூங்காவில் ஹெலனன் ஊற்று என்று ஒன்று இருக்கு. காசு இல்லை, ஆரும் பிடிக்கலாம். எங்கட ஆட்கள் கோயில் சுற்றுலா மாதிரி வாகனம் பிடித்துப் போய் கலன் கலனாக நிரப்பிக்கொண்டு வருவினம். பரம்பரையாக இந்தச் சனம் குடிக்குது, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகேல்லை. ஓடைத் தண்ணியும் மலையில் இருந்து வாறதுதானே, அதிலும் பெரிய பிழை இருக்காது என்றுதான் நினைக்கிறன்.

மழைக்காகம் எழுதியது:

அண்ணை, ஊற்று விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஓடை விஷயத்தில் இல்லவே இல்லை.

ஓடை திறந்து கிடக்கிற தண்ணீர். தெளிவாக இருப்பதற்கும் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. ஐஃபலில் ஓடைக்கு மேலே என்ன இருக்கிறது? மேய்ச்சல் நிலம். மாடு நேராக ஓடையில் இறங்கி நின்று தண்ணீர் குடிக்கும், அங்கேயே மற்றதையும் முடிக்கும். வசந்த காலத்தில் சாணக் கரைசலை டாங்கர் டாங்கராக வயலில் அடிப்பார்கள், அந்த வாடை தெரியாமல் இங்கே யாரும் நடந்திருக்க முடியாது. மழை பெய்தால் அது எங்கே போகும்? சாணத்திலும் உரத்திலும் இருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் பிரச்சினையில் ஜெர்மனி போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு, நிலத்தடி நீரிலேயே பல இடங்களில் அதைத் தாண்டுகிறது.

ஊற்றிலும் பலகையைப் பாருங்கள். 'கைன் ட்ரின்க்வாசர்' என்று எழுதியிருந்தால் குடிநீர் அல்ல, பேச்சு முடிந்தது. பலகையே இல்லாவிட்டால் 'யாரும் சோதிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள், 'அனுமதி' என்று இல்லை. ஆழத்திலிருந்து வந்தாலும் கடைசி ஒரு மீட்டரில் மேல்மண் தண்ணீர் கலந்தால் போதும். ஒரு வாய் ருசி பார்ப்பது வேறு, கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைப்பது வேறு.

கல்லுளி எழுதியது:

மழைக்காகம் சொல்வது சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை இருப்பவர்கள் ஊற்றுத் தண்ணீரை மருந்து மாதிரி நினைத்துக் குடம் குடமாகக் குடிக்கக் கூடாது. சில ஊற்றுகளில் சோடியம் நிறைய. பாட் பெர்ட்ரிஹ் தண்ணீரில் இருப்பது கிளாபர் உப்பு, அதாவது பேதி உப்பு. விளைவு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேநீர்ப்பிரியை எழுதியது:

எனக்கு ஒரு சமையலறைச் சந்தேகம். வீட்டில் குழாய்த் தண்ணீர் தீர்ந்து, அதாவது தெருவில் குழாய் வேலை நடந்த ஒருநாள், கெரோல்ஸ்டைனர் ஊற்றுத் தண்ணீர் பாட்டிலை ஊற்றி டீ போட்டேன். கொதிக்கும்போது பொங்கி வழிந்தது, டீ சாம்பல் நிறமாக மேலே ஆடை கட்டிக்கொண்டு வந்தது, ருசியும் செத்துப்போனது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படலம் வேறு, ஒரே தடவையில்! தண்ணீரில் கலப்படமா?

கல்லுளி எழுதியது:

அக்கா, கலப்படம் இல்லை. நீங்கள் கெட்டிலில் செய்ததைத்தான் ஐஃபல் மலை முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

கெரோல்ஸ்டைன் ஊருக்கு மேலே நிற்கும் பெரிய பாறைகள் ஒரு காலத்தில் கடலடிப் பவளத்திட்டு. டெவோனியன் காலத்தது, 38 கோடி ஆண்டுக்கு முந்தையது. அதில் சுண்ணாம்பும், டோலமைட் என்கிற மக்னீசியம் கலந்த சுண்ணாம்பும் இருக்கின்றன. எரிமலை வாயு கலந்த தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு வருவதால்தான் பாட்டில் லேபிளில் கால்சியம் லிட்டருக்கு 350 மில்லிகிராம் வாக்கில், மக்னீசியம் 100-ஐ ஒட்டி, ஹைட்ரஜன் கார்பனேட் 1,800 என்று போட்டிருக்கிறது. இவ்வளவு சுண்ணாம்பைத் தண்ணீரில் பிடித்து வைத்திருப்பது வாயுதான். சூடாக்கினால் வாயு போய்விடும், சுண்ணாம்பு கீழே உட்கார்ந்துவிடும். டீயை மந்தமாக்குவது அந்த ஹைட்ரஜன் கார்பனேட். டீக்குச் சாதாரணக் குழாய்த் தண்ணீரே மேல்.

இதே வேலை அடுப்பு இல்லாமல் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் நோன் ஊருக்குப் பக்கத்தில் ஆபாஹ் ஓடைப் பள்ளத்தாக்கில் இருக்கும் ட்ரைம்யூலன் அருவிக்குப் போங்கள். உயரம் அதிகம் இல்லை, குற்றாலத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் அது வளர்கிற அருவி! 1912-இல் ரயில் பாதை போடும்போது அங்கிருந்த மூன்று ஊற்றோடைகளைத் திருப்பி ஒன்றாக்கினார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் பாசியின் மேல் வழிகிறது. வழியும்போது வாயு பிரிந்து, சுண்ணாம்பு பாசித் தண்டில் படிகிறது. தண்டின் கீழ்ப்பகுதி கல்லாகிவிடும், நுனி பச்சையாகவே மேலே வளரும். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தால் ஒரே தண்டில் பாதி பாசி, பாதி கல் தெரியும். இப்படியே அருவியின் உதடு ஆண்டுதோறும் முன்னால் நீண்டுகொண்டே வருகிறது.

ரோமானியர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். கொலோன் நகரம் ரைன் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, ஆனாலும் ஆற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று ஐஃபல் ஊற்றுகளிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். நெட்டர்ஸ்ஹைம் பக்கத்து க்ரூனர் ப்யூட்ஸ் ஊற்றில் தொடங்கி 95 கிலோமீட்டர். கி.பி. 80 வாக்கில் கட்டியது. உறைபனியில் உறையாமலிருக்கப் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் போகிறது. பம்பு எதுவும் கிடையாது, சரிவுதான். ஒரு நாளைக்கு இரண்டு கோடி லிட்டர் வரை போயிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புத் தண்ணீர்தான் ருசி என்பது அவர்கள் எண்ணம். விளைவு, கால்வாயின் சுவரில் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு படிந்து சாண் கனத்துக்கு வந்துவிட்டது.

கால்வாய் கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டு கழித்து, இடைக்காலத்துக் கொத்தர்கள் அந்தப் படிவைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்து மெருகேற்றினார்கள். பழுப்பும் பாலேடு நிறமுமாக வரி வரியாக, பார்க்கச் சலவைக்கல்தான். பளிங்கு கிடைக்காத ஊரில் அதையே தேவாலயத் தூணாக நிறுத்தினார்கள். மரியா லாஹ் மடத்துத் தேவாலயத்திலும் இருக்கிறது. உங்கள் கெட்டிலைச் சுரண்டுவதற்கு முன் யோசியுங்கள் அக்கா!

தேநீர்ப்பிரியை எழுதியது:

சுரண்டியாகிவிட்டது. எலுமிச்சை உப்பு போட்டுக் கொதிக்கவிட்டால் போகிறது. தூண் செய்யும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

பான்வாசி எழுதியது:

கல்லுளி, அருமை. 'வாயு இன்னும் வந்துகொண்டிருக்கிறது' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே. அப்படியானால் எரிமலை உயிரோடு இருக்கிறதா? என் வீட்டிலிருந்து லாஹர் ஏரி பக்கம்தான்.

கல்லுளி எழுதியது:

தூங்குகிறது என்று சொல்லலாம். லாஹர் ஏரியே சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெடிப்பின் பள்ளம். அன்று பறந்த சாம்பலைச் சுவீடன் வரை மண்ணில் காண்கிறார்கள், ரைன் ஆறே அடைபட்டுத் தேங்கி நின்றது. 2013 முதல் அந்த இடத்துக்குக் கீழே 10 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெல்லிய அதிர்வுகளைக் கருவிகள் பதிவு செய்திருப்பதாக 2019-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, அசைகிறது என்பது அவர்கள் விளக்கம். உடனே வெடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டை விற்க வேண்டாம்.

ஏரியின் கிழக்குக் கரையில் நடந்தால் தண்ணீரில் சரம் சரமாகக் குமிழி வருவதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டியது அங்கேதான், எரிமலைக்கு இல்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனம், நிறமும் வாடையும் இல்லை. காற்று அசையாத நாளில் தாழ்ந்த குழிகளில் தேங்கி நிற்கும். எலி, சிறு பறவை இறங்கினால் மயங்கிச் செத்துவிடும். நம் மூக்கு உயரத்துக்குப் பெரும்பாலும் வராது, ஆனால் குழந்தையையோ நாயையோ அப்படிக் குழியில் இறங்க விடாதீர்கள். ஊற்றுக்கு மேல் மூடி போட்ட கிணற்றறை இருந்தால் தலையை உள்ளே நீட்டி எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

ஹாம் அண்ணை எழுதியது:

ஆர் என்ற ஆற்றின் கரையில் ஒரு கதை இருக்கு. 1852-இல் கியோர்க் குரொய்ட்ஸ்பெர்க் என்ற திராட்சைத் தோட்டக்காரர் நொய்யனார் பக்கம் நிலம் வாங்கினார். கொடி வளரேல்லை, வைக்க வைக்கச் செத்தது. என்ன காரணம் என்று தோண்டினால் கீழே வாயுத் தண்ணி! வேரைக் கொன்ற அதே தண்ணியைப் போத்தலில் அடைத்து விற்றார். அதுதான் அப்போலினாரிஸ் தண்ணி. திராட்சை போனால் என்ன, உலகம் முழுக்கப் பெயர் பரவிப்போச்சு.

மழைக்காகம் எழுதியது:

ஆர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும், ஓடைகளைப் பற்றிய இழைதானே. ஆர் பிறக்கும் இடம் பிளாங்கன்ஹைம் ஊரில் ஒரு மரச்சட்ட வீட்டின் நிலவறை. வீட்டுக்கு அடியில் ஊறி, வெளியே குளத்தில் விழுந்து, ஊரைத் தாண்டிப் போகிறது. அங்கே பார்த்தால் செருப்பைக் கழற்றாமல் தாண்டிவிடலாம். 85 கிலோமீட்டர் ஓடி ரைனில் சேருவதற்குள் இருபுறமும் ஓடைகள் வந்து விழுகின்றன. 2021 ஜூலை 14 இரவு அந்த ஓடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பின. வழக்கமாக முழங்காலளவு ஓடும் தண்ணீர் வீடுகளின் முதல் மாடிக்கு ஏறியது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவு செங்குத்து, அடியில் களிப்பாறை, மழை உள்ளே இறங்காமல் நேராக ஓடைக்கு வந்துவிடும். ஐஃபலில் கனமழை எச்சரிக்கை வந்தால் ஓடையோரம் கூடாரம் போடாதீர்கள்.

புதுக்குடி எழுதியது:

கடையில் விற்பதும் இந்த ஊற்றுத் தண்ணீர்தானா, இல்லை குழாய்த் தண்ணீரில் வாயு அடைக்கிறார்களா? போத்தலுக்கு 25 சென்ட் வேறு பிடித்துக்கொள்கிறார்கள், சில போத்தலுக்கு 15 சென்ட்தான் திரும்பக் கிடைக்கிறது. கொள்ளை!

மட்டுறுத்துநர் எழுதியது:

போத்தல் முன்பணம் பற்றித் தனி இழை இருக்கிறது. ஒரு தடவை பயன்படுத்துவதற்கு 25, திரும்ப நிரப்புவதற்குப் பெரும்பாலும் 15. வாங்கும்போது கட்டியதுதான் திரும்பும். மேற்கொண்டு அங்கே பேசுங்கள்.

கல்லுளி எழுதியது:

புதுக்குடியின் முதல் கேள்விக்கு: லேபிளைப் படியுங்கள். 'நாட்டூர்லிஹஸ் மினரால்வாசர்' (இயற்கைக் கனிமத் தண்ணீர்) என்றிருந்தால் நிலத்தடி ஊற்றிலிருந்து எடுத்து, அந்த இடத்திலேயே அடைத்தது. அரசு அங்கீகாரமும் உண்டு. அதில் இரும்பு, கந்தகம் போன்ற சிலவற்றை நீக்கலாம், வாயுவை எடுக்கலாம், சேர்க்கலாம், மற்றபடி கைவைக்கக் கூடாது. 'என்டைசென்ட்' என்றிருந்தால் இரும்பு நீக்கியது. நீக்காவிட்டால் பான்வாசி பார்த்த காவி உங்கள் போத்தலுக்குள் மிதக்கும், யார் வாங்குவார்கள்? 'டாஃபல்வாசர்' என்றிருந்தால் அது தயாரித்த தண்ணீர், குழாய்த் தண்ணீராகவும் இருக்கலாம். 'ஹைல்வாசர்', அதாவது மருத்துவத் தண்ணீர், மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதனால்தான் அதன் லேபிளில் எதற்கு நல்லது, யார் குடிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதியிருக்கும்.

பான்வாசி எழுதியது:

நன்றி. கடைசியாக ஒன்று. மே மாதம் அப்பா, அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் முடியாது. இந்தத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் ஊற்று ஏதோ இருக்கிறதாமே, அங்கே கூட்டிப் போகலாமா?

கல்லுளி எழுதியது:

இரண்டு இருக்கின்றன. இரண்டுமே பச்சைத் தண்ணீர் ஊற்றுகள், வெந்நீர் இல்லை. குழாய்க் கிணற்றின் அடியில் வாயு சேர்ந்துகொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் போனதும் குமிழி கிளம்பும், மேலே இருக்கும் தண்ணீரின் பாரம் குறையும், இன்னும் குமிழி கிளம்பும், கோலிசோடாவைக் குலுக்கி உடைத்த கதைதான்.

பெரியது ஆண்டர்னாஹ் ஊரில், ரைன் கரையில். 350 மீட்டர் ஆழக் கிணறு, 60 மீட்டர் வரை அடிக்கும். பச்சைத் தண்ணீர் ஊற்றுகளில் உலகிலேயே உயரமானது அதுதான். முதலில் காட்சியகம், பிறகு படகு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மே மாதம் பிரச்சினை இல்லை.

சின்னது வாலன்போர்ன் கிராமத்தில். ஊர்க்காரர்கள் 'ப்ரூப்பல்' என்பார்கள். அரை மணிக்கு ஒரு தடவை வாக்கில் பொங்கி, மூன்று நான்கு மீட்டர் எழும்பி அடங்கும். முதலில் கிணற்று வட்டத்துக்குள் உறுமல் கேட்கும், தண்ணீர் கலங்கும், அழுகிய முட்டை வாடை வரும், அப்புறம்தான் எழும்பும். அந்த வாடை கந்தகம், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஹாம் அண்ணை எழுதியது:

தம்பி, அம்மாவுக்கு வாலன்போர்ன்தான் தோது. காரில் இருந்து இறங்கினால் நடை கொஞ்சம், சுற்றிவர இருந்து பார்க்கலாம். முதல் அங்கே போய், பிறகு கெரோல்ஸ்டைன் பூங்காவில் ஹெலனன் தண்ணி ஒரு வாய் குடுங்கோ. சோடியம் கதையைக் கல்லுளி சொன்னவர்தானே, அப்பாவுக்குப் பிரஷர் இருந்தால் ஒரு வாயோடு சரி. அருவிக்குக் காட்டுப் பாதை, மழை பெய்தால் வழுக்கும், அதை நீங்கள் தனியப் போகேக்க பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிராமத்தில் கடை ஒன்றும் திறந்திருக்காது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ.

மழைக்காகம் எழுதியது:

குடிக்கிற தண்ணீரும் எடுத்துக்கொண்டு போங்கள்.